இரண்டு வாரம் ஊருக்குப் போகிறேன். பவளத் தொட்டியை யாரிடம் விட்டுப் போவது?

நீலவெளிச்சம் (சிங்கப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கும்பகோணத்தில் தங்கையின் திருமணம். முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம் நான் ஊரில் இருந்தாக வேண்டும். விடுப்பு கிடைத்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்று, புடவைகூட வந்துவிட்டது. வரவேற்பறையில் நிற்கும் 300 லிட்டர் கடல்நீருக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

பொங்கோலில் அடுக்குமாடி வீடு. தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு மஞ்சள் டேங் மீன், சில இறால்கள். டார்ச், மாண்டிப்போரா, ஜோவாந்தஸ் என்று பவளங்கள். நீரைக் குளிர்விக்கும் சில்லர், கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மர், ஆவியாகும் நீரை ஈடுகட்டும் தானியங்கி, பவளத்துக்கு வேண்டிய தாதுக்களை அளந்து விடும் டோசிங் பம்ப் எல்லாம் இருக்கின்றன. பார்த்துக்கொள்ள இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுச் சீன அம்மா. மிகவும் அன்பானவர், ஆனால் மீன் வளர்ப்பு பற்றி ஒன்றும் அறியாதவர். மற்றவர் என்னுடன் வேலை பார்ப்பவர். அவர் சொந்தமாகப் பெரிய பவளத் தொட்டி வைத்திருக்கிறார், ஆனால் வீடு ஜூரோங்கில், தீவின் மறுமுனை. யாரிடம் சாவியைக் கொடுப்பது?

கூடவே ஒரு பொதுக் கேள்வியும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கு தரும் நிம்மதி அதிகமா, பறிக்கும் நிம்மதி அதிகமா? மனம் அமைதியடையும் என்று சொல்லித்தான் என்னை இதில் இறக்கினார்கள். இப்போது அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மேசைக்கடியில் தொட்டியின் வெப்பநிலையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடலாடி (சென்னை)

தங்கைக்கு வாழ்த்துகள். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: பக்கத்து வீட்டு அம்மா.

ஜூரோங் நண்பர் விவரம் தெரிந்தவர். அதுதான் சிக்கல். விவரம் தெரிந்தவரால் அடுத்தவர் தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஸ்கிம்மர் நுரை மெலிந்திருக்கிறதே என்று திருகுவார், டார்ச் சுருங்கியிருக்கிறதே என்று விளக்கைக் குறைப்பார், தன் வீட்டில் பலித்ததை எல்லாம் உங்கள் வீட்டில் செய்து பார்ப்பார். ஒன்றும் தெரியாதவர் எழுதி வைத்ததை மட்டும் செய்வார், சந்தேகம் வந்தால் படம் பிடித்து அனுப்புவார். நண்பரின் எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். சாவி அந்த அம்மாவிடமே இருக்கட்டும்.

உணவு: உரிமையாளர் ஊருக்குப் போன நேரத்தில் மீன்கள் பட்டினியால் செத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்பு மிகுந்து கொட்டிய தீனியால் நீர் கெட்டு அழிந்த தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடையில் கிழமை எழுதிய மாத்திரை டப்பா கிடைக்கும். இரண்டு வாங்கி, ஒவ்வொரு அறையிலும் அந்தந்த நாளுக்கான உலர் தீனியைப் போட்டுவிட்டு, மிச்சப் புட்டியை ஒளித்துவிடுங்கள். நன்றாகத் தின்று வளர்ந்த கோமாளி மீன் இரண்டு நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது. டேங் மீனுக்கு மட்டும் ஒன்றுவிட்டு ஒருநாள் சுவையூட்டாத கடற்பாசித் தாள் ஒரு துண்டு.

இனி நீர். இரண்டு வாரம் ஆயிற்றே என்று பெரிய பீப்பாய் நிறைய நன்னீர் வைத்துவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் தோன்றும். நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்றால் 42 லிட்டர். தானியங்கியின் மிதவை சிக்கிக்கொண்டு அவ்வளவும் ஒரே இரவில் உள்ளே இறங்கினால், ஆயிரத்துக்கு 35 இருந்த உப்புத்தன்மை 31-க்கும் கீழே போய்விடும். அதுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் நீர்ப்பெட்டியான சம்ப் நிரம்பி வழிந்து கீழ்வீட்டுக் கூரையில் சொட்டாமல் இருந்தால்தான். எனவே 15 லிட்டர் வாளி போதும். நான்கு நாளைக்கு ஒருமுறை அந்த அம்மா நிரப்பட்டும். வாளி மொத்தமும் கவிழ்ந்தாலும் உப்புத்தன்மை 33-க்கு மேலேயே நிற்கும். டோசிங் பாட்டில்களுக்கும் இதே கணக்குத்தான்: போய்வரும் நாட்களுக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வைக்காதீர்கள். நிரப்ப வேண்டிய ஆர்.ஓ. நீரை முன்பே கேன்களில் பிடித்து வரிசையாக வைத்துவிடுங்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகொல்லியான குளோரமின் இருப்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

கடைசியாக மின்சாரம். உங்கள் ஊரில் மின்வெட்டு அபூர்வம்தான். ஆனால் உப்பு ஒயர் வழியே ஊர்ந்து பிளக்குக்குள் போய், மின்கசிவுத் தடுப்பான் ட்ரிப் ஆனால் உங்கள் வீடு மட்டும் இருண்டு கிடக்கும், எதிர்வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். புறப்படும் முன் ஒவ்வொரு பிளக்கையும் கழற்றித் துடையுங்கள். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், அப்போது வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்சாரம் நின்றால் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

நிம்மதி பற்றிய கேள்விக்கு என்னிடம் வராதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தக் கதையைத் தொடங்கினால் இந்த இழை ஒப்பாரியாக மாறிவிடும்.

புதுத்தொட்டி (கோவை)

மிகவும் பயனுள்ள தகவல் அண்ணா. நானும் தொடங்கலாம் என்றிருக்கிறேன். நான்கு அடித் தொட்டி வாங்கியாகிவிட்டது. சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் டார்ச், மாண்டிப்போரா எல்லாம் கிடைக்குமா? ராமேசுவரம் போனபோது கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளக் கற்கள் கொஞ்சம் எடுத்து வந்தேன். அவற்றைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து போட்டால் போதும் அல்லவா?

கடலாடி (சென்னை)

தம்பி, முதலில் அடுப்பை அணையுங்கள்.

சிங்கப்பூர் அக்கா வைத்திருக்கும் பட்டியல் நமக்குப் பொருந்தாது. இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001-இல் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் செத்த எலும்புக்கூடாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை, கரையில் பொறுக்கியதற்கும் சேர்த்துத்தான். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ‘கடைக்காரர் தைரியமாக விற்கிறாரே’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. உங்கள் கற்களைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, வனத்துறையிடம் எப்படி ஒப்படைப்பது என்று பாருங்கள்.

இரண்டாவது, கடல் பாறை எதையும் எப்போதும் கொதிக்கவைக்கக் கூடாது. ஜோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கரையில் காய்ந்து வெளுத்த கல்லில் அது இருக்காது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நான் வைத்திருப்பது சிமெண்டில் வார்த்த செயற்கைப் பாறை, பண்ணையில் பிறந்த கோமாளி மீன்கள், இறால்கள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பண்ணை மீன் குளிகைத் தீனியைத் தயங்காமல் தின்னும். பிடித்து வந்த மீன் பல நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பவளம் இல்லாமலே கடல்நீர்த் தொட்டி அழகுதான், நம்புங்கள்.

முத்துநகர் (தூத்துக்குடி)

நான் தொட்டி வைத்திருப்பவள் அல்ல. மன்னார் வளைகுடாவில் முக்குளித்துப் பவளத்திட்டுகளை அளக்கும் வேலையில் இருக்கிறேன். சட்டத்தைச் சொல்லிவிட்டீர்கள், அது ஏன் வந்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். எங்கள் பாட்டன் காலத்தில் பவளக் கல்லைத் தோணி தோணியாக வெட்டி வந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவருகே பவளத்தின்மேல் போர்வை விரித்தது. இவற்றுக்கெல்லாம் மேலே வெப்பம். 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடையில் பவளம் வெளுத்தது. பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. வாரக்கணக்கில் நீர் சூடாக இருந்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் எலும்பு தெரியும். விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

உங்களுக்குச் சில்லர் இருக்கிறது. வளைகுடாவுக்கு இல்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் சிங்கப்பூர் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் டார்ச் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று தெரியுமா?

வேதியியல் வாத்தியார் (திருச்சி)

பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். மகன் வளைகுடா நாட்டில் பவளத் தொட்டி வைத்திருந்தான், அவன் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் சோதனைக் குப்பிகள் என் பொறுப்பு.

அம்மா, கூட்டத்தில் உட்கார்ந்து நீங்கள் பார்க்கும் வெப்பநிலை முக்கியம்தான். ஆனால் சில்லர் ஓடும்வரை அது பெரிதாக நகராது. நகர்வது காரத்தன்மை, அதாவது நீரில் பவளத்துக்குக் கிடைக்கும் கார்பனேட் இருப்பு. பவளம் தன் எலும்பைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்கு வேண்டிய இரண்டையும் நீரிலிருந்து எப்போதும் ஒரே விகிதத்தில் எடுக்கிறது: காரத்தன்மை 2.8 டிகிரி (இது வெப்பநிலை டிகிரி அல்ல, காரத்தன்மையின் அலகு) இறங்கினால் கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இறங்கும். கடல்நீரில் கால்சியம் 400-க்கு மேல் இருப்பதால் 20 போனது வீட்டுச் சோதனைப் பெட்டியில் தெளிவாகத் தெரியாது. காரத்தன்மையோ இயற்கைக் கடலிலேயே 7 டிகிரி அளவில்தான். அதில் 2.8 போனால் கிட்டத்தட்ட பாதி போனது மாதிரி. அதனால்தான் அனுபவசாலிகள் கால்சியத்தை எப்போதாவதும் காரத்தன்மையை அடிக்கடியும் அளக்கிறார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் தினமும் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள். எண் நேர்கோடாக நின்றால் டோசிங் பம்ப் சரியாக ஓடுகிறது, தைரியமாகப் போகலாம். நிற்காவிட்டால் அந்த வாரத்திலேயே சரிசெய்யுங்கள், கடைசி இரவில் கை வைக்காதீர்கள். 7.5-ஓ 8.5-ஓ, எதுவானாலும் பவளம் பழகிவிடும். ஒரே நாளில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினால்தான் நுனி எரிந்து வெளுக்கிறது.

நன்னீர் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றும் முறையைச் சிலர் பின்பற்றுவார்கள். கால்சியமும் காரத்தன்மையும் பவளம் கேட்கும் அதே விகிதத்தில் கிடைப்பதால் மிக அழகான முறை. ஆனால் தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-க்கு மேல். கடலாடி சொன்ன வாளி அந்த நீரோடு கவிழ்ந்தால் உப்புத்தன்மையைப் பற்றிக் கவலைப்பட யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். ஊரில் இல்லாத நாட்களில் வேண்டாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடாது, அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று வெற்றிலைக் கடைக்காரருக்கே தெரியாது.

தூத்துக்குடிப் பெண் எழுதியதைப் படித்தபோது தோன்றியது: அன்று பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், இன்று சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறோம்.

கொட்டாஞ்சேனை (கொழும்பு)

மின்வெட்டு பற்றி யார் பேசினாலும் எனக்கு 2022 நினைவுக்கு வந்துவிடும். மார்ச் கடைசியில் இங்கே நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கும் டீசல் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும்.

அப்போது கற்றது ஒன்று: முதலில் போவது ஒளியோ வெப்பமோ அல்ல, பிராணவாயு. சூடான நீரில் அது குறைவாகத்தான் கரையும், உப்பு நீரில் இன்னும் குறைவு. நீரோட்டம் நின்றால் நுண்ணுயிர்களும் மீன்களும் சேர்ந்து மிச்சமிருப்பதைத் தீர்த்துவிடும். விளக்கில்லாமல் இரண்டு நாள் போனாலும் பெரும்பாலான உயிர்கள் தாங்கும். நீர் அசையாமல் சில மணிநேரம் போனால் பெரிய மீன் முதலில் சாயும். ஆகவே கையில் இருக்கும் பேட்டரியை விளக்குக்கோ ஸ்கிம்மருக்கோ கொடுக்காமல், நீரைப் புரட்டும் ஒரே ஒரு சின்னப் பம்புக்குக் கொடுங்கள்.

பேட்டரியும் தீர்ந்தபின் குவளைதான். நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். வீட்டில் முறை போட்டுக்கொண்டு செய்தோம். நள்ளிரவு முறை அம்மாவுடையது. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அருள் நிறைந்த மரியேக்கும் ஒரு குவளை ஊற்றினார். கோமாளி மீன்களும் கடற்சாமந்தியும் பிழைத்தன. அம்மாவின் வலது தோள்தான் பல மாதம் வலித்தது.

அதன்பின் தொட்டியைச் சிறியதாக்கிவிட்டேன். பெரிய தொட்டிதான் நிலையானது, தவறைப் பொறுக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் குவளையால் காப்பாற்றக்கூடிய அளவு என்றும் ஒன்று இருக்கிறது.

தொட்டிக்காரர் மனைவி (ஈப்போ)

இந்த இழையில் எல்லோரும் தொட்டி வைத்திருப்பவர்களாகவே பேசுகிறீர்கள். தொட்டியோடு வாழ்பவர்களின் தரப்பையும் ஒருவர் சொல்லட்டும்.

எங்கள் வீட்டு உறைபெட்டியின் மேல்தட்டில் ஐஸ்கிரீம் இருந்த இடத்தில் இப்போது மைசிஸ் இறால் கட்டிகள். துணி துவைக்கும் வாளிக்கு ‘உப்பு வாளி, தொடாதே’ என்று பெயர். நண்பகலில் அறைக்குக் குளிர்சாதனம் போடுவது மாமியாருக்காகவா, மீனுக்காகவா என்று கேட்டால் மாமியார் உட்பட எல்லோருக்கும் பதில் தெரியும். விலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பில்லை அவர் எங்கே ஒளிக்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெரிய கோமாளி மீன் செத்தபோது முதலில் பார்த்தவள் நான்தான். ஜோடியில் பெரியதுதான் பெண் என்று அன்றுதான் அவர் சொன்னார். தனித்துவிட்ட சின்னது ஆண், பக்கத்தில் இன்னும் சிறிய ஒன்றை விட்டால் இது பெண்ணாக மாறிவிடும் என்றார். நான் நம்பவில்லை. அவர் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விட்டார். மாதங்கள் போயின. பழைய ஆண் தடித்தது, அதட்டியது, புதியதை மூலைக்கு விரட்டியது. புதியது அதன் முன்னால் உடலைச் சாய்த்து நடுங்கிக் காட்டியது. அப்புறம் ஒருநாள் ஓட்டுத்துண்டின்மேல் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். சின்னது பகலெல்லாம் துடுப்பால் விசிறிக்கொண்டும் கெட்டுப்போனதை வாயால் பொறுக்கி எடுத்துக்கொண்டும் நின்றது. ஒரு வாரத்தில் முட்டைகளுக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. அன்றிரவு விளக்கணைந்தபின் பொரிந்தன. ஊசிமுனை அளவுக் குஞ்சுகளுக்கு ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்குத் தெரியாத தீனி வேண்டுமாம். அது வீட்டில் இல்லை. விடிந்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது சன்னல் மேடையில் பச்சை நீர்க் குப்பிகளில் ரோட்டிஃபர் வளர்கிறது. வளர்ப்பது அவர் இல்லை.

பனிக்காடு (ஸ்கார்பரோ)

ஈப்போ அக்கா, ரோட்டிஃபர் குப்பியை இரண்டாகப் பிரித்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும்.

எங்கள் சிக்கல் உங்களுக்கு நேர் எதிர். 2013 டிசம்பரில் உறைபனிப் புயலில் டொராண்டோவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது, நத்தார் வேளையில். தொட்டியைச் சுற்றிக் கம்பளிப் போர்வை கட்டி, எரிவாயு அடுப்பில் நீரைச் சூடாக்கிப் போத்தலில் அடைத்து மிதக்கவிட்டோம். குளிரில் ஒரு நன்மை, பிராணவாயு நன்றாகக் கரையும். கொழும்புக்காரருக்கு அது கிடைக்கவில்லை.

குளிர்காலத்தில் இன்னொன்று. சன்னல்கள் எல்லாம் மூடிக் கிடக்க வீட்டுக்குள் நாம் விடும் மூச்சு சேர்ந்து, கரியமில வாயு நீரில் கரைந்து பி.எச். 7.8-க்கு இறங்கிவிடும். புதிதாக வருபவர்கள் மருந்து ஊற்றுவார்கள். மருந்தே வேண்டாம், ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டினால் போதும். ஹீட்டரைப் பொறுத்தவரை பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு. ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தனியாக நின்று தொட்டியை வேகவைக்கும் வலு அதற்கு இராது.

நீலவெளிச்சம் (சிங்கப்பூர்)

இத்தனை பதில்களை எதிர்பார்க்கவில்லை, நன்றி. வாத்தியார் ஐயா, அளக்கத் தொடங்கிவிட்டேன்.

முத்துநகர், உங்கள் கேள்வியை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். டார்ச்சை செங்காங்கில் ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு தலை வெட்டி வாங்கினேன், இப்போது ஒரு கைப்பிடி அளவு. அவருடையதன் தாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்தோனேசியக் கடலாகத்தான் இருக்க வேண்டும். அந்நாடு 2018-இல் பவள ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே விலை எகிறியது, அப்போதுதான் வெட்டி வளர்த்துக் கைமாற்றுவது பரவியது. கடலிலிருந்து புதிதாக எடுத்ததை வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். அது போதுமா என்று நீங்கள் கேட்டால் போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நிம்மதி பற்றி நானே கேட்டேன், நானே கொஞ்சம் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கிய உயிர்களைவிட, வாங்காமல் வந்தவைதான் என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன. பாறையில் ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி தானாகப் படர்ந்தது. நகம் அளவு நட்சத்திர மீன்கள் ஒருநாள் கண்ணாடியில் இருந்தன. விளக்கணைந்து ஒரு மணிநேரம் கழித்துச் சிவப்பு டார்ச் லைட்டோடு போனால், பகலில் இல்லாத ஊர் ஒன்று பாறையின் பின்னாலிருந்து வெளியே வந்து நடமாடும். எந்தக் கடையிலும் அதற்கு விலைச்சீட்டு இல்லை. என் வெப்பநிலைப் பைத்தியத்துக்கு அது மருந்தா என்று தெரியவில்லை, ஆனால் விற்றுவிடலாம் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் அந்த நேரம்தான் குறுக்கே நிற்கிறது.

கடலாடி (சென்னை)

முத்துநகர், வீட்டுத் தொட்டிக்காரர்கள் கடலுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1961-லேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறையும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்துக் கட்டுரை எழுதினார். அதற்குப் பின்னால் வந்த ஸ்கிம்மர், டோசிங், ஒளி பற்றிய அறிவு பெரும்பாலும் வீட்டுக் கூடங்களில் பிறந்தது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பவளத்தைத் தொட்டிக்குள் குறித்த காலத்தில் கருவிட, அதாவது முட்டையும் விந்தணுவும் வெளியிட வைத்தார்கள். அதே வழியில் 2019 ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் அழியும் நிலையிலுள்ள தூண் பவளம் ஆய்வகத்தில் கருவிட்டது. 2023 கோடையில் அங்கே கடல் கொதித்தபோது கடல் நாற்றங்காலில் இருந்த பவளங்களைத் தரைக்குக் கொண்டுவந்து தொட்டிகளில்தான் வைத்தார்கள்.

முத்துநகர் (தூத்துக்குடி)

மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்பவை நிறுவனங்கள், மரபணுவைக் குறித்து வைத்துப் பொறுப்பெடுத்துச் செய்தவை. வரவேற்பறைத் தொட்டியிலிருந்து ஒரு துண்டைக் கடலில் நட முடியாது, நடவும் கூடாது. நோயும் அந்நியப் பாசியும் கூடவே போகும். கப்பாஃபைகஸ் எங்களுக்கு அந்தப் பாடத்தை ஏற்கெனவே நடத்திவிட்டது. அறிவு தொட்டியிலிருந்து கடலுக்குப் போகலாம், உயிர் போகக் கூடாது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த அறிவில் கொஞ்சம் எனக்கு வேண்டும். இங்கே சிமெண்டுச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறோம். துண்டு பிடித்துக்கொள்ளும் முன்பே இழைப்பாசி அதைச் சுற்றிக்கொள்கிறது. தொட்டியில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கடலாடி (சென்னை)

நாங்கள் நத்தைகளை நம்புகிறோம். வெட்டிய துண்டுகள் இருக்கும் தட்டிலேயே மேயும் சிறு நத்தைகளை விட்டுவிடுவார்கள். கூடவே துண்டைச் சிமெண்டில் ஓரம் தெரியாமல் நன்றாகப் பதிக்க வேண்டும், வெறும் எலும்பு தெரியும் இடத்தில்தான் பாசி முதலில் குடியேறும். கடலில் நத்தையை எப்படி நிறுத்திவைப்பது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீலவெளிச்சம் (சிங்கப்பூர்)

நாளை விமானம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுதிய தாளை இங்கே போடுகிறேன், குறை இருந்தால் இன்றிரவே சொல்லுங்கள்.

‘காலையில் மாத்திரை டப்பாவில் அன்றைய அறை மட்டும், மீன் பசியாக இருப்பது போல நடித்தாலும் அதற்கு மேல் வேண்டாம். கடற்பாசித் தாள் ஒன்றுவிட்டு ஒருநாள், கிளிப்பில் மாட்டினால் போதும். வாளியில் நீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்தால் நீல மூடிக் கேனிலிருந்து ஊற்றவும், குழாயிலிருந்து வேண்டாம். திரையில் 28-க்கு மேல் எண் தெரிந்தால் எனக்கு அழைக்கவும். ஓசை நின்றிருந்தால் அல்லது விளக்கு எரியாவிட்டால் கதவருகே உள்ள பெட்டியில் கீழே விழுந்த சுவிட்சை மேலே தள்ளவும், திரும்ப விழுந்தால் தொடாமல் நண்பரை அழைக்கவும். பவளம் ஏதாவது சுருங்கியிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். கையைத் தொட்டிக்குள் விட வேண்டாம்.’

பனிக்காடு (ஸ்கார்பரோ)

நல்ல தாள். ஒன்று விட்டுப்போயிற்று. தினமும் மீன்களை எண்ணச் சொல்லுங்கள், ஒன்று குறைந்தால் உடனே தெரிய வேண்டும். கூடவே ‘கெட்ட வாடை வந்தால் நேரம் பார்க்காமல் அழையுங்கள்’ என்று சேருங்கள். கடல் வாடை சரி, அழுகல் வாடை கூடாது. பாறைக்குப் பின்னால் ஏதாவது செத்துக் கிடந்தால் திரையில் எந்த எண்ணும் காட்டாது.

நீலவெளிச்சம் (சிங்கப்பூர்)

சேர்த்துவிட்டேன். அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கல்யாண வீட்டில் நள்ளிரவில் அழைத்தால் பரவாயில்லையா என்று கேட்டார். முகூர்த்தம் அதிகாலையில், எப்படியும் யாரும் தூங்க மாட்டார்கள் என்றேன்.